எறும்பு மொய்த்த கடைசி வரி

மாலை ஐந்து மணிக்குப் போலீஸ் வரும் என்று முதலாளி சொன்னார். அப்போது மணி பன்னிரண்டு. என் வயிறு அதை அரை மணி நேரம் முன்பே சொல்லிவிட்டது, காதில் போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை.

முதலாளி பேசியது என் மச்சானிடம். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கண்ணாடி அவ்வளவு கனம் என்பதால் ஊரே அவரைச் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடும். இருபது வருஷம் குடிநீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் படித்தவர், ஒருநாள் திடீரென்று துப்பறியக் கிளம்பினார். துணைக்கு ஆள் வேண்டும் என்றார். அவருடைய தங்கை வீட்டில் வேலையில்லாத புருஷன் ஒருவன் சும்மா இருந்தான். கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவள் என்னை அனுப்பிவைத்தாள். இதுவரை பதினோரு வழக்கு, கண்டுபிடித்தது இரண்டு. அதில் ஒன்றில் காணாமல் போன பூனை தன் காலிலேயே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

இது பன்னிரண்டாவது. கம்பெனியோ குமிழிக் கம்பெனி.

குமிழி குடிக்காதவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டைக் கழுத்து பாட்டிலில் வரும் பழுப்பு நிறப் பானம். முதலில் இனிக்கும், விழுங்கும்போது நாக்கின் அடியில் லேசாக ஒரு கசப்பு தட்டும். அந்தக் கசப்பை விரட்ட அடுத்த வாய் குடிப்போம், அது மறுபடியும் வரும், பாட்டில் காலியாகிவிடும். எங்கள் பக்கத்தில் பரீட்சையில் தேறினாலும் குமிழி, தோற்றாலும் குமிழி. வயிற்று வலிக்கு மருந்து, காதல் தோல்விக்கு ஆறுதல். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் துணிக்கு நடுவில் சுற்றி எடுத்துப்போவார்கள், விமானத்தில் அது உடைந்து சட்டையெல்லாம் பாழாகும், அந்தச் சட்டையைத் துவைக்காமல் வைத்துக்கொள்வார்கள். பெரிய பெரிய கம்பெனிகள் நடிகர்களைக் கூட்டிக்கொண்டு வந்து கடைவிரித்துப் பார்த்தன. நடிகர்கள் படப்பிடிப்பு முடிந்ததும் குமிழிதான் கேட்டார்களாம்.

நாளைக் காலை அந்தக் கம்பெனிக்கு நூறு வயது. கம்பெனியைத் தொடங்கியவரின் பேரன்தான் இப்போதைய முதலாளி. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை ஷூ. விழாவுக்கு அவர் ஒரு யோசனை வைத்திருந்தார். தாத்தா தன் கைப்பட எழுதிய செய்முறைச் சீட்டு ஒன்று கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. அதற்கு மூலச் சீட்டு என்று பெயர். நாளைக்கு ஆயிரம் விருந்தினர் முன்னால் அதை வெளியே எடுத்து, அதில் எழுதியபடியே பாகு காய்ச்சி, அங்கேயே ஆளுக்கு ஒரு கோப்பை கொடுப்பது. அழைப்பிதழில் தங்க எழுத்தில் அச்சடித்தும் ஆகிவிட்டது. இன்று காலை பார்த்தால் பெட்டி பூட்டியபடி இருக்கிறது, சீட்டைக் காணோம்.

பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று முதலாளியிடம். இன்னொன்று, நாளைக்குக் காய்ச்சப் போகிற பாகு அக்காவிடம். முப்பத்தொரு வருஷமாகப் பாகு காய்ச்சுகிற அந்த அம்மாளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று மேனேஜர் சொன்னார்.

"நான் எடுக்கல. அப்ப அவதான் எடுத்திருக்கணும்" என்றார் முதலாளி. "அந்தப் பொம்பளகிட்ட நான் ஒரு வார்த்தகூடப் பேசினது கிடையாது. அதெல்லாம் மேனேஜர் பாத்துப்பார். நேத்து சாயங்காலம் அந்தப் பெட்டி முன்னாடி அரை மணி நேரம் நின்னிருக்கா. வாட்ச்மேன் பாத்திருக்கான். அஞ்சு மணிக்குள்ள நீங்க சீட்டக் கண்டுபிடிச்சாச் சரி, இல்லன்னா போலீஸ் அவளக் கூட்டிட்டுப் போகும்."

நாங்கள் தேடியும் கிடைக்கவில்லை என்று நாளைக்கு விருந்தினரிடம் சொல்ல வேண்டும் அல்லவா என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பேச்சு எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். எனக்கோ நல்ல பசி.

கண்ணாடிப் பெட்டி இருந்த கூடம் குளிரூட்டப்பட்டிருந்தது. சுவரில் தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று ஆளுயரப் படங்கள், மூன்று பேர் கையிலும் குமிழி. பக்கத்து மேசையில் கம்பெனியின் நூற்றாண்டு வரலாறு, அறுநூறு பக்கம், தலையணை கனம். நான் புரட்டினேன். தாத்தாவுக்கு இந்தப் பானம் கனவில் வந்ததாக முதல் அத்தியாயம். கப்பல்காரர் ஒருவர் சாகும் தறுவாயில் காதில் சொன்னதாக இரண்டாம் அத்தியாயம். மூன்றாவதில், கடுங்காய்ச்சலில் படுத்திருந்தபோது தானே எழுந்துபோய்க் கலக்கினாராம். அத்தியாயத்துக்கு ஒருமுறை மனிதர் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார்.

மச்சான் பெட்டியின் மேல் கவிழ்ந்து கிடந்தார். மூக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு தாளைக்கூட நுழைக்க முடியாது. இருட்டு மூலையில் ஒட்டடைக்குப் பின்னால் இருக்கிற மீட்டரில் கடைசி எண்ணைப் படித்துப் பழகிய உடம்பு அது.

"மாப்ள, இந்தப் பூட்ட நக்கிப் பாரு."

எங்கள் நிறுவனத்தில் தடயவியல் ஆய்வு என்றால் அது என் நாக்குதான். மானம் போகிறதே என்று சுற்றிலும் பார்த்துவிட்டு நக்கினேன். துருவும் எண்ணெயும் கலந்த இரும்பு ருசி. சொன்னேன்.

"இப்ப இங்க."

கண்ணாடியின் மேல், கீழ்ப்பக்கமாக வலது ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு எறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன. ஜன்னல் இடுக்கிலிருந்து தரை வழியாக, மேசைக் கால் வழியாக ஒழுங்காக வரிசை கட்டி வந்து, சரியாக அந்த ஒரு இடத்தில் நின்றன. ஊதிவிட்டு நாக்கை வைத்தேன். தித்தித்தது.

மச்சான் வரலாற்றுப் புத்தகத்தைப் பிடுங்கினார். மூன்றாம் பக்கத்தில் மூலச் சீட்டின் புகைப்படம், அசல் அளவில். பெட்டிக்குள் வெல்வெட் துணியில் சீட்டைக் குத்தியிருந்த குண்டூசிகளின் தடம் நான்கு தெரிந்தன. அதே இடத்துக்கு நேராகப் புகைப்படத்தைக் கண்ணாடி மேல் விரித்தார். எறும்பு நின்ற இடத்தில் சீட்டின் கடைசி வரி வந்து உட்கார்ந்தது. 'பாகு ஒருபோதும் அடிபிடிக்கக் கூடாது.'

எறும்புக்கு எப்போது எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"படிச்சது எறும்பில்ல மாப்ள, விரலு. சர்க்கரைக் கையோட ஒருத்தங்க நின்னு, ஒவ்வொரு வரியாப் படிச்சு, இந்த வரியில வந்து விரல வச்சு அழுத்தியிருக்காங்க. ஆனா பூட்டுப் பக்கமே போகல."

பாகு அறைக்குள் நுழைந்ததும் எனக்கு மூச்சு முட்டியது. குளிரூட்டிக்கும் இந்த அறைக்கும் பூர்வ ஜன்மத் தொடர்புகூடக் கிடையாது. நடுவில் அடுப்பு மேடை, மேலே ஆளை உட்கார்த்தி வைக்கிற அளவுக்கு ஒரு கொப்பரை. அதன் முன்னால் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மாள், புடவையை இழுத்துச் செருகி, நீளக் கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தார். கதவுப் பிடி ஒட்டியது. நாற்காலி ஒட்டியது. சுவரில் மாட்டியிருந்த சாவிக்கொத்தில் எறும்பு, பேனாவில் எறும்பு, மேசையிலிருந்த பதிவேட்டின் ஓரத்தில் செத்த எறும்பு.

மச்சான் சாவிக்கொத்தைக் கையில் வாங்கி ஒவ்வொரு சாவியாகப் பார்த்தார். பெட்டிச் சாவியின் பல் இடுக்கெல்லாம் பாகு காய்ந்து கிடந்தது. இதைப் பூட்டில் விட்டுத் திருகியிருந்தால் பூட்டும் தித்தித்திருக்கும், எறும்பும் வந்திருக்கும். இந்தச் சாவி அந்தப் பூட்டுக்குள் போனதே இல்லை என்று அந்த அம்மாளிடமே சொன்னார். அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

எனக்கு நிம்மதியாகிவிட்டது. கதை முடிந்தது, சாப்பிடப் போகலாம் என்றேன். எறும்பு சாட்சி சொல்கிறது என்று ஸ்டேஷனில் போய்ச் சொன்னால் முதலில் நம் இரண்டு பேரையும்தான் உள்ளே வைப்பார்கள், எடுத்தது யார் என்று தெரியாமல் இந்த அம்மாள் தப்ப முடியாது என்றார் மச்சான்.

அப்போதுதான் பாகு அக்கா வாயைத் திறந்தார்.

"போலீஸ் வரட்டும் சார். அது எனக்குப் பெரிசில்ல. காலையில மொதலாளி மைக்குல சொன்னாரு, பாகு காய்ச்சுறவ திருடிட்டான்னு. நானூறு பேரு கேட்டாங்க. எம் மக அங்கதான் பாட்டில் கழுவுற லைன்ல நிக்கிறா. அவளுக்கு அடுத்து நிக்கிற பொண்ணு டக்குனு தன்னோட பைய எடுத்து மறுபக்கம் வச்சிக்கிச்சாம். நான் ஜெயிலுக்குப் போனா ஒருநாள் வெளிய வந்துருவேன். அவ அந்த லைன்ல தெனமும்ல நிக்கணும்."

துழாவுகிற கை மட்டும் நிற்கவில்லை. வேடிக்கை பேசுகிற வாய்க்கு இந்த மாதிரி நேரத்தில் ஒரு உபயோகமும் கிடையாது.

மச்சான் அந்தக் கடைசி வரியைப் பற்றிக் கேட்டார். அதில் ஏன் விரலை வைத்தீர்கள், அதில் என்ன தப்பு என்று. பாகு அக்கா பதிவேட்டை ஒருமுறை பார்த்தார். கரண்டியைத் தூக்கி என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். நக்கினேன். வெறும் சர்க்கரைப் பாகு, எலுமிச்சை வாசனை கொஞ்சம். குமிழி கூப்பிடுகிற தூரத்தில்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் தீய்கிற வாசனை வந்தது. அடிபிடிக்கிறது அக்கா என்று நான் பதறினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உதடு மட்டும் ஏதோ எண்ணியது. அப்போதுதான் கவனித்தேன், கொப்பரை நேராக இல்லை. மேடையின் ஒரு கால் குட்டை. கொப்பரை அந்தப் பக்கம் சாய்ந்து, அங்கே மட்டும் பாகு ஆழமாகத் தேங்கி, அடியில் கருகிக்கொண்டிருந்தது. எண்ணி முடித்ததும் இரும்புச் சட்டுவத்தை எடுத்தார். சரியாக அந்த இடத்தில் விட்டுச் சுரண்டி, கருஞ்சிவப்பாக உரிந்து வந்ததை மொத்தமாகப் பாகில் கலந்தார். கொப்பரை முழுக்க நிறம் மாறியது. என் கையில் இன்னொரு சொட்டு. நாக்கின் அடியில் அந்தக் கசப்பு தட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. பசியாகவும் இருக்கலாம்.

பாகு அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார். தேதி போட்டார். 'இன்று பாகு அடிபிடிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"முப்பத்தொரு வருஷமா இதத்தான் எழுதறேன் சார்" என்றார். "நான் வாயத் தொறந்தா சீட்டுத் திருடி இல்லன்னு ஆகும், பொய்க் கையெழுத்துக்காரின்னு ஆகும்."

அதன் பிறகு அவர் சொன்ன வரலாறு அறுநூறு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அவருக்கு முன்னால் காய்ச்சியவர் அவருக்குச் சொன்னது, அந்த ஆளுக்கு அவருக்கும் முன்னால் இருந்தவர் சொன்னது. தாத்தா காலத்தில் கம்பெனி ஈயோட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் மேடைக் கால் உடைந்து பாகு தீய்ந்துவிட்டது. தாத்தா எச்சில் கையால் காக்கை ஓட்டாத ரகம். கொட்ட மனசு வராமல் அப்படியே பாட்டிலில் அடைத்துக் கடைக்கு அனுப்பினார். மறுநாள் கடைக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று பின்வாசல் வழியாக ஓடப் பார்த்தாராம். அவர்கள் வந்தது இன்னும் இரண்டு வண்டி சரக்குக் கேட்டு. அடுத்த வாரம் கொத்தனார் வந்து காலைச் சரிசெய்தார். பாகு தீயவில்லை. பாட்டிலெல்லாம் திரும்பி வந்தது. தாத்தா சுத்தியலை எடுத்துக்கொண்டு தானே போய் அந்தக் காலை மறுபடி உடைத்தார்.

ஆனால் சுகாதார அதிகாரி சும்மா இருப்பாரா. தீய்ந்த பாகு விற்றால் உரிமம் ரத்து என்று ஓலை வந்தது. அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தப் பதிவேடு. தினமும் பாகு அடிபிடிக்கும், தினமும் அடிபிடிக்கவில்லை என்று எழுதுவார்கள். அதிகாரிகள் வருவார்கள், பதிவேட்டைப் பார்ப்பார்கள், கொப்பரையைப் பார்க்க மாட்டார்கள், இரண்டு குமிழி குடித்துவிட்டுப் போவார்கள்.

"அந்தச் சீட்டுப்படி செஞ்சா வெறும் சர்க்கரைத் தண்ணிதான் வரும். சொல்ல வேண்டியவங்ககிட்ட நேத்தே சொல்லிட்டேன். அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க சார்" என்று முடித்துக்கொண்டார். யாரிடம் என்று மூன்று விதமாகக் கேட்டும் அவர் சொல்லவில்லை. மணி மூன்று.

அப்படியென்றால் தாத்தா எப்படி அந்தக் கடைசி வரியை எழுதுவார்? மேடைக் காலைத் தானே உடைத்த மனிதர் ஆயிற்றே. சீட்டை எழுதியது தாத்தாவே இல்லை என்று எனக்கே புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பதிவேடுகள் எல்லாம் மாடியில் ஓர் அறையில் இருந்தன. வரலாறு எழுதிய பேராசிரியர் நாளைக்குப் பேச வேண்டிய உரையை அங்கே உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். மச்சான் சுற்றி வளைக்கவில்லை. சீட்டை எதில் ஊறவைத்தீர்கள், டீயிலா காபியிலா என்று கேட்டார்.

பேராசிரியர் உரைத் தாள்களை மடித்து வைத்தார். டீ என்றார். தாள் பழசாகத் தெரிய இரண்டு முறை ஊறவைத்தாராம், ஒரு முறைக்கு நிறம் போதவில்லை.

அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. மூன்று வருஷம் தேடியும் செய்முறை என்று ஒரு துண்டுக் காகிதம் கிடைக்கவில்லை. நூறு வருஷக் கம்பெனிக்கு மூலம் இல்லையென்றால் வெளியே தலைகாட்ட முடியாது, எப்படியாவது கண்டுபிடியுங்கள் என்று முதலாளி நெருக்கினாராம். எப்படியாவது என்றால் எப்படி என்று பேராசிரியருக்குப் புரிந்தது. ஆனாலும் கற்பனையாக ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். சர்க்கரை வாங்கிய கணக்கு, எலுமிச்சை வாங்கிய கணக்கு, எல்லாம் பழைய ஏடுகளிலிருந்து எடுத்தது. கடைசி வரிக்குத்தான் இருப்பதிலேயே பலமான ஆதாரமாம்.

"நூறு வருஷப் பதிவேடு சார். முப்பதாயிரம் நாள், முப்பதாயிரம் கையெழுத்து. ஒரு நாள்கூடப் பாகு அடிபிடிக்கல. உலகத்துல எந்த வரலாற்றாசிரியனுக்கும் இவ்வளவு சாட்சி கெடச்சிருக்காது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மச்சான் என் காலை மிதித்தார். பாகு அக்கா உங்களிடம் வந்து ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். அந்த அம்மாளிடம் தான் பேசியதே இல்லை, அவருக்கு வரலாற்றைப் பற்றி என்ன தெரியும் என்றார் பேராசிரியர். சீட்டுக் காணாமல் போனதில் அவருக்கு நிஜமாகவே துக்கம். தான் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்றார்.

படியிறங்கும்போது நான் இவர்தான் ஆள் என்று அடித்துச் சொன்னேன். பொய்ச் சீட்டு, மாட்டிக்கொள்ளும் பயம், எடுத்து ஒளித்துவிட்டார்.

"அவருக்குத்தான் அது தப்புன்னே தெரியாதே மாப்ள. மாலை போட்டுக் கும்பிட்டுக்கிட்டிருக்காரு. தப்புன்னு தெரிஞ்ச ஆளுதான் எடுத்திருக்கணும். பாகு அக்கா யாருகிட்டச் சொன்னாங்களோ அந்த ஆளு." மச்சான் பாதிப் படியில் நின்று கண்ணாடியைத் துடைத்தார். "இன்னொண்ணு யோசிச்சியா? ஊர்ல எத்தனை பேரு இருக்காங்க. பதினொண்ணுல ரெண்டு கண்டுபிடிச்ச நம்மள எதுக்குக் கூப்பிடணும்?"

நம் பேர் பரவியிருக்கிறது என்றேன்.

"பரவித்தான் இருக்கு. நம்மளால முடியாதுன்னு நம்பித்தான் கூப்பிட்டிருக்கான் மனுஷன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பசியோடு ஒருவன் பூட்டை நக்கியிருக்கிறான். அந்த இரண்டில் ஒன்று பூனை என்பதாவது அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். விசாரித்திருப்பார் என்றார் மச்சான்.

நாலரை மணிக்கு முதலாளிக்குப் போன் போட்டு, சீட்டுக் கிடைத்துவிட்டது, பாகு அறைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார். முதலாளி வர இருபது நிமிஷம் ஆனது. பாகு அறை எங்கே இருக்கிறது என்று வாட்ச்மேனிடம் வழி கேட்டுக்கொண்டு வந்தாராம். பின்னால் மேனேஜர், அவருக்குப் பின்னால் தகவல் கேள்விப்பட்டு மூச்சிரைக்கப் பேராசிரியர். முதலாளியின் முகம் அவருடைய சட்டையை விட வெளுத்திருந்தது. பாகு அக்கா அடுத்த கொப்பரையை ஏற்றியிருந்தார். நாளை விழாவுக்கான சரக்கு அது.

மச்சான் வரலாற்றுப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தைத் திறந்து நீட்டினார். இதோ இருக்கிறது சீட்டு, அசல் அளவில், மூவாயிரம் பிரதி அச்சாகியிருக்கிறது, முன்னுரை எழுதியதே நீங்கள்தான், மூன்றாம் பக்கத்தை மட்டும் பார்க்கவில்லை போலிருக்கிறது என்றார். ஒரு தாள் போனால் என்ன, நாளைக்கு இதைப் பார்த்துக் காய்ச்சட்டும் என்றார்.

"அது எப்படி முடியும்? அதுல செஞ்சா வெறும் சர்க்கரைத் தண்ணிதான் வரும்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மச்சான் புத்தகத்தை மூடினார்.

"இந்த அறைக்குள்ள இதே வார்த்தைய மத்தியானம் கேட்டேன்" என்றார் மச்சான். "இவங்க சொன்னாங்க. உங்களுக்கு யார் சார் சொன்னது? ஒரு வார்த்தகூடப் பேசினதில்லன்னீங்களே."

முதலாளி கைக்குட்டையைத் தேடினார். பேசியதில்லை என்றது உண்மைதான், நேற்று அவள்தான் வந்து பேசினாள், நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான் என்றார். ஆயிரம் பேர் முன்னால் தாத்தாவின் சீட்டுப்படி சர்க்கரைத் தண்ணீர் வந்து நின்றால் கம்பெனி என்ன ஆவது, அழைப்பிதழ் போய்விட்டது, சீட்டுக் காணாமல் போவதைத் தவிர வேறு வழி என்ன இருந்தது என்று எங்களிடமே நியாயம் கேட்டார். காணாமல் போனால் யாராவது எடுத்திருக்கத்தானே வேண்டும். சீட்டைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டாராம். பேராசிரியர் சர்க்கரை மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி பாகு அக்கா பக்கம் திரும்பினார். வெள்ளை ஷூவில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது, அதை உதறிக்கொண்டே, பாகு தீய்வதுதான் ருசி என்று இத்தனை வருஷமாக ஏன் தனக்குச் சொல்லவில்லை என்று அதட்டினார்.

"முப்பத்தொரு வருஷத்துல ஒரு நாள் இந்த ரூமுக்கு வந்திருந்தா சொல்லியிருப்பேன் மொதலாளி. உங்கப்பா வாரத்துக்கு ஒருதரம் வந்து கரண்டியில நக்கிட்டுப் போவாரு. நேத்து மொதமொதல்ல உங்க ரூமுக்கு நான் வந்தேன். இன்னைக்குக் காலையில மைக்குல எம் பேரக் கேட்டேன்."

முதலாளி இறங்கிவந்தார். நடந்தது நடந்துவிட்டது, போலீஸுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், என் அறைக்கு வாருங்கள், நான் வருத்தம் தெரிவித்துவிடுகிறேன், நாளைக்கு நீங்களே வழக்கம்போலக் காய்ச்சுங்கள் என்றார். நீ என்பது நீங்கள் ஆகிவிட்டதை நான் கவனித்தேன்.

தீய்கிற வாசனை மெல்ல எழும்பியது. பாகு அக்கா சட்டுவத்தைச் சுவரில் மாட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க" என்றார்.

பாகு அறைக்கு ஒரு பெரிய ஜன்னல் உண்டு. அதற்கு அந்தப் பக்கம் பாட்டில் லைன், அதன் தலைமாட்டில் மைக். முதலாளி ஜன்னலைப் பார்த்தார், கொப்பரையைப் பார்த்தார். இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மேனேஜரிடம் கேட்டார். மேனேஜருக்கும் தெரியாது. பாகு அக்காவின் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. முதலாளி ஓடினார்.

லைன் நின்றது. ஒலிபெருக்கியில் தொண்டையைச் செருமுகிற சத்தம். மூலச் சீட்டுத் தொடர்பாகக் காலையில் வெளியான அறிவிப்பில் தவறான புரிதல் ஏற்பட்டுவிட்டதாகவும், யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் நிர்வாகம் வருந்துவதாகவும் முதலாளி சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக இங்கே பார்த்தார்.

பாகு அக்கா அசையவில்லை. புகை கூரைக்குப் போனது. எனக்கே கை பரபரத்தது, நான் சட்டுவத்தை எடுக்கப் போனேன், மச்சான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஆயிரம் பேர் குடிக்க வேண்டிய சரக்கு கண்ணெதிரே கரியாகிக்கொண்டிருந்தது.

முதலாளி மறுபடியும் மைக்கைப் பிடித்தார். இந்தத் தடவை செருமவில்லை.

"சீட்ட எடுத்தது நான்தான். அந்தம்மா எடுக்கல. திருடின்னு நான் பொய் சொன்னேன். அது தாத்தா எழுதின சீட்டே இல்ல. பாகு அடிபிடிக்கறதுதான் குமிழி, அது எனக்கு நேத்துதான் தெரியும்."

பாகு அடிபிடிக்கிற விஷயம் கேட்டு அந்த நானூறு பேரில் ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. இந்தக் கம்பெனியில் அது தெரியாத ஆட்கள் மொத்தமே இரண்டு பேர், ஒருவர் முதலாளி, இன்னொருவர் வரலாற்றாசிரியர் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது கழுவுகிற இடத்தில் நின்ற ஒரு பெண்ணை. அவள் ஈரக் கையோடு ஜன்னல் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவள் தலையைக் குனிந்துகொண்டு, ஒதுக்கிவைத்திருந்த பையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தாள்.

பாகு அக்கா சட்டுவத்தை எடுத்து முழு பலத்தோடு அடியைச் சுரண்டினார். உரிந்து வந்தது வழக்கத்தை விடக் கறுப்பாக இருந்தது. அப்படியே கலந்தார். பிறகு ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்து, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் கொஞ்சம் கூடுதலாத்தான் கசக்கும். குடிக்கட்டும்" என்றார்.